கதிர்வீச்சு பட்ட மீக்கடத்தி கெடுமா, தேறுமா?

கேள்வி இதுதான்: "கதிர்வீச்சு பட்டால் படிகம் சிதையும், பொருள் கெடும் என்று படித்திருக்கிறோம். ஆனால் ஒய்பிசிஓ போன்ற உயர் வெப்பநிலை மீக்கடத்திகளில் நியூட்ரானையோ அயனியையோ பாய்ச்சினால் அவை தாங்கும் மின்னோட்டம் கூடுகிறது என்கிறார்களே, எப்படி? அப்படியானால் ஃப்யூஷன் உலையில் இருக்கும் மீக்கடத்திக் காந்தங்களுக்கு நியூட்ரான் நல்லதுதானா?"

மின்னோட்டம் கூடுவது உண்மை. ஃப்யூஷன் உலை விஷயத்தில் "கொஞ்ச காலத்துக்கு நல்லது, அதுவும் எந்த டேப் (மீக்கடத்தியை மெல்லிய படலமாகப் பூசிய உலோக நாடா) என்பதைப் பொறுத்து" என்றுதான் சொல்ல முடியும். ஏன் அப்படி என்று புரிய வேண்டுமானால் காந்தச் சுழல்களிலிருந்து தொடங்க வேண்டும்.

மீக்கடத்தி என்றாலே மின்தடை பூஜ்யம் என்று பாடப்புத்தகம் சொல்லிவிடுகிறது. காந்தப்புலம் இல்லாதவரை அது சரி. ஒய்பிசிஓ, அதாவது இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு, இரண்டாம் வகை மீக்கடத்தி. புலம் ஓர் அளவைத் தாண்டினால் அது காந்தப்புலத்தை முழுதாக வெளியே தள்ளாது. மெல்லிய இழைகளாக உள்ளே விடும். இப்படி நடக்கும் என்று 1957இல் கணக்குப் போட்டுக் காட்டியவர் அப்ரிகோசவ். அதற்கான நோபல் பரிசு அவருக்கு 2003இல்தான் வந்தது. ஒவ்வோர் இழையின் நடுவிலும் மீக்கடத்தும் தன்மை செத்துப்போன ஒரு கரு. அதைச் சுற்றி ஓயாமல் ஓடும் மின்னோட்டம். ஓர் இழை சுமக்கும் காந்தப்பாயம் எப்போதும் ஒரே அளவு: 2.07 × 10⁻¹⁵ வெபர். இதைத்தான் சுழல் என்கிறோம்.

ஒய்பிசிஓவில் குறைந்த வெப்பநிலையில் சுழல் கருவின் ஆரம் சுமார் 1.5 முதல் 2 நானோமீட்டர். அதைச் சுற்றிய காந்தப்புலமோ சுமார் 150 நானோமீட்டர் தூரம் பரவியிருக்கும். 1 டெஸ்லா புலத்தில் அடுத்தடுத்த சுழல்களுக்கு நடுவே கிட்டத்தட்ட 49 நானோமீட்டர் இடைவெளி. 20 டெஸ்லாவில் அது 11 நானோமீட்டராகச் சுருங்கிவிடும். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கதிர்வீச்சு பயன்படும், எது படாது என்பதையெல்லாம் இவைதான் முடிவு செய்கின்றன.

இப்போது கம்பியில் மின்னோட்டம் விடுகிறோம். மின்னோட்டம் ஒவ்வொரு சுழலையும் லாரன்ஸ் விசையால் பக்கவாட்டில் தள்ளும். சதுர சென்டிமீட்டருக்கு 10 லட்சம் ஆம்பியர் ஓடும் 1 மைக்ரோமீட்டர் தடிமனான படலத்தில் ஒரு சுழலின் மீது விழும் விசை சுமார் 20 பைக்கோநியூட்டன். சின்னதுதான், ஆனால் சுழலைத் தடுக்க எதுவும் இல்லையென்றால் அது நகர இதுவே போதும். சுழல் நகர்ந்தால் மின்னழுத்தம் உண்டாகும், வெப்பம் வெளிப்படும், மின்தடை திரும்ப வந்துவிடும். குறையே இல்லாத படிகம் காந்தப்புலத்தில் உருப்படியான மின்னோட்டத்தைத் தாங்காது. மீக்கடத்தியின் பயன் முழுவதும் அதன் குறைபாடுகளில்தான் இருக்கிறது என்றால் மிகையில்லை.

குறைபாடு எப்படிப் பிடிக்கிறது? கருவுக்குள் மீக்கடத்தும் நிலையைக் கைவிட வேண்டியிருப்பதால் சுழலுக்கு ஓர் ஆற்றல் செலவு உண்டு. ஏற்கெனவே மீக்கடத்தாத ஓர் இடத்தில் போய் உட்கார்ந்தால் அந்தச் செலவு மிச்சம். குறைந்த வெப்பநிலையில் சுழலின் ஒவ்வொரு நானோமீட்டர் நீளத்துக்கும் மிச்சமாவது ஏறக்குறைய 20 மில்லி எலக்ட்ரான் வோல்ட். 77 கெல்வினில், அதாவது திரவ நைட்ரஜனில், வெப்ப அசைவின் ஆற்றல் சுமார் 6.6 மில்லி எலக்ட்ரான் வோல்ட்; அதே வெப்பநிலையில் மேலே சொன்ன மிச்சமும் சில மடங்கு சுருங்கிவிடுகிறது. சுழலுக்கு இப்படி ஆற்றல் மிச்சமாகும் இடத்தைப் பள்ளம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அணு இடம் மாறியதால் உண்டான பள்ளத்திலிருந்து சுழலை வெப்பமே தட்டி எழுப்பிவிடும். பல நானோமீட்டர் நீளத்துக்குச் சுழலைப் பிடிக்கும் பள்ளத்திலிருந்து எழுப்புவது அவ்வளவு எளிதல்ல. 1986இல் பெட்நோர்ஸும் முல்லரும் உயர் வெப்பநிலை மீக்கடத்திகளைக் கண்டுபிடித்த இரண்டே ஆண்டுகளில் இந்தச் சுழல் நழுவல் பெரிய தலைவலி என்பது தெரிந்துவிட்டது. பழைய நயோபியக் கம்பிகளில் பொருட்படுத்தத் தேவையில்லாத நழுவல், இங்கே மணிக்கணக்கில் காந்தமாக்கலைக் கரைத்துக்கொண்டே போனது.

கதிர்வீச்சு நுழைவது இங்கேதான். குறைபாட்டின் அளவையும் எண்ணிக்கையையும் நாமே தீர்மானித்து, ஒரே படிகத்தை முன்னும் பின்னும் அளந்து பார்க்கலாம். இந்த வசதி வேறு எந்த முறையிலும் இல்லை. ஆனால் "கதிர்வீச்சு" என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

எலக்ட்ரான் கற்றையில் அதிகம் சொல்வதற்கில்லை: சில மெகா எலக்ட்ரான் வோல்ட் (எம்இவி) ஆற்றலில் அது தனித்தனி அணுக்களை இடம் பெயர்க்கும், அவ்வளவுதான். 3 அல்லது 4 எம்இவி புரோட்டான் பெரும்பாலும் அதையே செய்யும். இடையிடையே சில நானோமீட்டர் அளவில் சிறு கொத்துகளையும் உண்டாக்கும். வேக நியூட்ரான் வேறு ரகம். மின்னேற்றம் இல்லாததால் சென்டிமீட்டர் கணக்கில் உள்ளே போகும். போகிற வழியில் எப்போதாவது ஓர் அணுக்கருவில் மோதும். மோதப்பட்ட அணு போதிய ஆற்றலுடன் கிளம்பினால் பக்கத்து அணுக்களையும் இடித்துச் சரித்து, சுமார் 3 முதல் 6 நானோமீட்டர் அகலத்தில் ஒரு சிதைவுக் கூடத்தை விட்டுச்செல்லும். இதை மோதல் அடுக்கு என்பார்கள். சுழல் கருவின் விட்டத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்: 3 முதல் 4 நானோமீட்டர். அளவெடுத்துத் தைத்தது போல அமைந்துவிட்டது. 1989இல் வான் டோவரும் சக ஆய்வாளர்களும் நியூட்ரான் பட்ட ஒய்பிசிஓ ஒற்றைப்படிகத்தில், 77 கெல்வினிலேயே, சதுர சென்டிமீட்டருக்கு 10 லட்சம் ஆம்பியரை நெருங்கும் மாறுநிலை மின்னோட்ட அடர்த்தியை, அதாவது மின்தடை தலைகாட்டாமல் தாங்கும் உச்ச அளவை, காட்டினார்கள். "இந்தப் புதுப் பொருட்கள் மின்னோட்டம் தாங்கவே தாங்காது" என்ற அன்றைய அவநம்பிக்கைக்கு அது நல்ல பதிலாக இருந்தது.

கன அயனிகள்தான் இதில் அழகானவை. நூற்றுக்கணக்கான எம்இவி ஆற்றலுடன் வரும் டின், ஈயம், தங்கம் போன்ற அயனி அணுக்கருக்களில் மோதிக்கொண்டிருக்காது. எலக்ட்ரான்களிடம் ஆற்றலை இறைத்துக்கொண்டே நேர்க்கோட்டில் பாயும். ஒரு நானோமீட்டர் பயணத்தில் சுமார் 20 ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் இறைத்தால் அந்தப் பாதை முழுவதும் கண நேரத்தில் உருகி, உருவமற்ற பொருளாக உறைந்துவிடும். அதைவிடக் குறைவாக இறைத்தால் பாதை விட்டுவிட்டு அமையும். மின்னணு நுண்ணோக்கியில் மேலிருந்து பார்த்தால் வரிவரியாக இருக்கும் படிகத்தில் 5 முதல் 10 நானோமீட்டர் விட்டமுள்ள வட்டங்கள் தெரியும். பக்கவாட்டில் அவை மைக்ரோமீட்டர் கணக்கில் நீளும் தூண்கள். சுழலும் நீள உருளை, குறைபாடும் நீள உருளை. சுழல் தன் முழு நீளத்தோடும் அதற்குள் போய்ப் படுத்துவிடலாம்.

1991இல் ஐபிஎம்மின் சிவாலேயும் குழுவினரும் 580 எம்இவி டின் அயனிகளை ஒய்பிசிஓ படிகத்துக்குள் பாய்ச்சியபோது செய்த ஒரு சோதனை எனக்கு இன்றும் பிடித்தமானது. கற்றையை 30 பாகை சாய்த்துத் தூண்களைச் சாய்வாக அமைத்தார்கள். பிறகு காந்தப்புலத்தை ஒருமுறை தூணின் திசையிலும், இன்னொரு முறை அதே 30 பாகை எதிர்ப்பக்கமாகவும் வைத்து அளந்தார்கள். படிகத்தைப் பொறுத்தவரை இரண்டு திசையும் சமம்தான். ஆனால் தூணின் திசையில் வைத்தபோது காந்தமாக்கல் வளையம் (புலத்தை ஏற்றி இறக்கும்போது படிகத்தின் காந்தமாக்கல் வரையும் வளைகோடு) தெளிவாக அகன்றது. வளையத்தின் அகலம் மாறுநிலை மின்னோட்டத்துக்கு நேர்விகிதம் என்பதால், பிடித்து வைப்பது தூண்களேதான் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போனது. இன்று டெல்லியிலுள்ள இன்டர்-யூனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டரின் பெலட்ரான் போன்ற அயனி முடுக்கிகளில் 200 எம்இவி வெள்ளி அயனிகளைக் கொண்டு ஒய்பிசிஓ படலங்களில் வேலை செய்பவர்களும் இதே வழியில்தான் போகிறார்கள்.

தூண்களை எண்ணுவதும் சுலபம். ஒரு தூணுக்கு ஒரு சுழல் என்று கணக்கு வைத்தால், 1 டெஸ்லா புலத்தின் சுழல்கள் எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கச் சதுர சென்டிமீட்டருக்கு 4.8 × 10¹⁰ அயனிகள் போதும். தூண்களும் சுழல்களும் எண்ணிக்கையில் சமமாகும் புலத்தைப் பொருந்து புலம் என்பார்கள். அதைத் தாண்டினால் மிச்சச் சுழல்களுக்குத் தூண் கிடைக்காது. அண்டைச் சுழல்களின் விலக்கத்தால் மட்டும் நடுவே அடைபட்டுக் கிடக்கும், சுலபத்தில் நழுவும்.

சரி, அப்படியானால் 20 டெஸ்லாவுக்குப் பொருந்துமளவு தூண்களை நிறைத்துவிடலாமே? அங்கேதான் கணக்கு இடிக்கிறது. 7 நானோமீட்டர் விட்டமுள்ள தூண்கள் 5 டெஸ்லா அளவுக்கு இருந்தால் பரப்பில் சுமார் 9 சதவீதம் போய்விடும். 20 டெஸ்லா அளவுக்கு இருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி. மின்னோட்டம் ஓட வேண்டிய பொருளையே தின்றுவிட்டுப் பிடிமானத்தைக் கூட்டி என்ன பயன்? போதாக்குறைக்கு ஒவ்வொரு தூணைச் சுற்றியும் படிகம் இழுபட்டு நிற்கும். ஆக்சிஜனும் இடம் மாறியிருக்கும்.

புள்ளிக் குறைபாடுகளை மட்டமாக நினைக்கவும் வேண்டாம். முள்வேலிக்கு மேல் விறைத்த கம்பைப் போட்டால் இழுத்தவுடன் வந்துவிடும்; தளர்ந்த கயிற்றைப் போட்டால் வளைந்து நெளிந்து பல முட்களில் மாட்டிக்கொள்ளும். சுழல் கயிறு ரகம். ஒவ்வொரு புள்ளியும் தனியாகப் பிடிப்பது சொற்பம்தான். சுழல் வளைந்து கொடுப்பதால் அவை கூட்டாகப் பிடிக்கின்றன. லார்கினும் ஒவ்சின்னிகோவும் இதற்கான கோட்பாட்டை ஒய்பிசிஓ வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள். 4 முதல் 30 கெல்வின் வரையிலான குளிரில், உயர் புலத்தில், இந்தக் கூட்டுப் பிடிப்பு நன்றாக வேலை செய்யும். 77 கெல்வினுக்கு வந்தால் வெப்ப அசைவு சின்னப் பள்ளங்களையெல்லாம் சமன்படுத்திவிடும். அங்கே தூண்களும் பெரிய கொத்துகளும்தான் நிற்கும். "கதிர்வீச்சால் மின்னோட்டம் இத்தனை மடங்கு கூடியது" என்று எங்காவது படித்தால் எந்த வெப்பநிலை, எந்தப் புலம், எந்தத் திசை, ஆரம்ப மாதிரி எவ்வளவு சுத்தமானது என்று முதலில் பாருங்கள். குறைபாடே இல்லாத படிகத்தில் பத்து மடங்கு கூட்டிக் காட்டுவது சாமர்த்தியமே இல்லை.

பிஸ்மத் வகை மீக்கடத்திகளில் சங்கதி இன்னும் மோசம். அங்கே காப்பர் ஆக்சைடு அடுக்குகளுக்கு நடுவே தொடர்பு பலவீனம் என்பதால் சுழல் கயிறாகக்கூட இருப்பதில்லை; அடுக்குக்கு ஒன்றாகத் தனித்தனி வட்டுகளாக உதிர்ந்துவிடும். தூண்கள் இந்த வட்டுகளை ஒரே வரிசையில் நிறுத்துவதால் பலன் கண்கூடாகத் தெரியும். ஆனால் கன அயனிகள் சில பத்து மைக்ரோமீட்டருக்கு மேல் உள்ளே போகாது. அதற்கு 1990களில் ஒரு கெட்டிக்காரத்தனமான வழி கண்டார்கள்: 800 எம்இவி புரோட்டானைப் பாய்ச்சி, பொருளுக்குள் இருக்கும் பிஸ்மத் அணுக்கருவையே பிளக்கச் செய்வது. பிளந்த துண்டுகள் இரண்டும் எதிரெதிராகப் பறந்து உள்ளேயே தூண்களை வெட்டும், அதுவும் எல்லாத் திசையிலும். ஒய்பிசிஓவில் யுரேனியத்தைச் சிறிதளவு கலந்து வெப்ப நியூட்ரானால் (வேகம் தணிந்த நியூட்ரானால்) பிளப்பது இன்னொரு வழி. இயற்பியலாக இரண்டும் அருமை. ஆனால் கடையில் விற்கும் கம்பியில் யுரேனியப் பிளவுத் துண்டுகளை யார் விரும்புவார்கள்? வெறும் நியூட்ரானை மட்டும் காட்டினாலும் டேப்பின் வெள்ளி உறையிலுள்ள ஓர் ஐசோடோப்பு, 250 நாள் அரை ஆயுளுடன், கதிரியக்கமாக மாறிவிடும்.

இனி கேள்வியின் இரண்டாம் பாதி. நியூட்ரான் மோதல் அடுக்குகளை மட்டும் உண்டாக்கிவிட்டு நின்றுவிடுவதில்லை; கூடவே ஏராளமான சிறு இடப்பெயர்ச்சிகளையும், முக்கியமாக ஆக்சிஜன் அணுக்களில், விட்டுச்செல்லும். பழைய உலோக மீக்கடத்திகளில் காந்தத்தன்மையற்ற மாசு கூப்பர் இணைகளை, அதாவது மீக்கடத்தலைச் சுமக்கும் எலக்ட்ரான் ஜோடிகளை, அவ்வளவாகப் பாதிக்காது. ஒய்பிசிஓ போன்ற காப்பர் ஆக்சைடு மீக்கடத்திகளில், அதாவது கியூப்ரேட்டுகளில், இணைகளின் சமச்சீர் டி-அலை வகை; அவற்றின் பிணைப்பு திசைக்குத் திசை மாறும். எந்தச் சிதறலும் அவற்றை உடைக்கும். அதனால் நியூட்ரான் அளவு ஏற ஏற மாறுநிலை வெப்பநிலை (மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலை) ஏறக்குறைய நேர்க்கோட்டில் இறங்கிக்கொண்டே வரும்: சதுர மீட்டருக்கு 10²² வேக நியூட்ரானுக்கு 2 அல்லது 3 கெல்வின். 92 கெல்வினில் தொடங்கும் பொருளுக்கு அது அற்பம் போலத் தோன்றும். ஆனால் இணைகளின் அடர்த்தியும் கூடவே குறைவதால், சுழலைப் பிடித்து வைக்கும் அந்த ஆற்றல் மிச்சமே சுருங்கிக்கொண்டு போகிறது.

ஆக இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. ஆரம்பத்தில் பிடிமானம் கூடுவது வேகமாக இருப்பதால் மாறுநிலை மின்னோட்டம் ஏறும். போதிய பள்ளங்கள் வந்த பிறகு மேலும் பள்ளம் சேர்ப்பதில் லாபமில்லை; நட்டம் மட்டும் தொடரும். வரைபடம் ஒரு சிகரத்தைத் தொட்டுவிட்டு இறங்கும். தொடங்கிய அளவுக்குக் கீழே எப்போது போகிறது என்பதுதான் காந்தம் கட்டுபவருக்கு முக்கியம்.

இந்தச் சிகரம் எங்கே வரும் என்பது டேப்பில் ஏற்கெனவே எவ்வளவு பிடிமானம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பேரியம் சிர்கோனேட் போன்றவற்றைக் கலந்து, படலம் வளரும்போதே நானோ கம்பிகளாகச் செருகுவது இப்போது சகஜம். இவற்றைச் செயற்கைப் பிடிமான மையங்கள் என்கிறார்கள். கன அயனித் தூண் செய்யும் வேலையைக் கற்றையில்லாமல் வேதியியலே செய்துவிடுகிறது. வியன்னாவிலுள்ள ட்ரீகா ஆய்வு உலையில் பல ஆண்டுகளாக இரண்டு வகை டேப்களையும் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி ஒப்பிட்டு வருகிறார்கள். செயற்கை மையம் இல்லாத டேப் 30 கெல்வின், 15 டெஸ்லா சூழலில் நன்றாக ஏறி, சதுர மீட்டருக்கு 2 × 10²² ஐ ஒட்டிய அளவுகளில் சிகரம் தொடுகிறது. செயற்கை மையம் உள்ளது கொஞ்சமே ஏறி, சீக்கிரமே இறங்கத் தொடங்குகிறது. காரணம் எளிது: புது டேப்பாக வரும்போதே அது தன் சிகரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. உற்பத்தியாளர் செலவழித்துவிட்ட லாபத்தை நியூட்ரான் இன்னொரு முறை தர முடியாது.

அதே சோதனைகளில் வெளிப்பட்ட இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பல டேப்களில் இட்ரியத்துக்குப் பதில் கடோலினியம் இருக்கும். கடோலினியம்-157 ஐசோடோப்பு வெப்ப நியூட்ரானை விழுங்குவதில் பேர்போனது. விழுங்கும் வாய்ப்பைக் காட்டும் அதன் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 2,54,000 பார்ன் (அணுக்கரு அளவுகளுக்கான பரப்பு அலகு). விழுங்கிய கரு காமாக் கதிரை உமிழ்ந்து, சில பத்து எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் பின்வாங்கும். மோதல் அடுக்கு உண்டாக்க அது போதாது. தன் இடத்தை விட்டு நகரவும் பக்கத்து அணுவைத் தள்ளவும் மட்டும் போதும். அதாவது பிடிமானத்துக்கு அதிகம் உதவாத, இணைகளை மட்டும் உடைக்கிற குறைபாடு. மாறுநிலை வெப்பநிலை பல மடங்கு வேகமாக விழும். வெப்ப நியூட்ரான்களை வடிகட்ட வியன்னாவில் டேப் துண்டுகளைக் காட்மியத் தாளில் சுற்றி உலைக்குள் அனுப்பினார்கள், வீழ்ச்சி மட்டுப்பட்டது. உண்மையான ஃப்யூஷன் காந்தத்தில் வெப்ப நியூட்ரான் எவ்வளவு வந்து சேரும் என்பது கவசத்தின் அமைப்பைப் பொறுத்தது. டேப்பில் எந்த அருமண் தனிமம் என்று பார்க்காமல் ஆர்டர் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

2021 செப்டம்பரில் காமன்வெல்த் ஃப்யூஷன் சிஸ்டம்ஸும் எம்ஐடியும் 267 கிலோமீட்டர் டேப்பைச் சுற்றி, 20 கெல்வினில் 20 டெஸ்லா காட்டிய பிறகு இந்தக் கேள்விகள் வெறும் ஆய்வுக்கூடச் சமாசாரமாக இல்லை. டியூட்டீரியம்-டிரிட்டியம் எரியும்போது கிளம்பும் நியூட்ரானின் ஆற்றல் 14.1 எம்இவி. சிறிய டோகமாக்கில் (வளைய வடிவ ஃப்யூஷன் உலையில்) நடுத்தூண் பக்கம் கவசம் வைக்க இடமே நெருக்கடி.

கதிர்வீச்சை வேண்டுமென்றே உற்பத்தியில் புகுத்தும் முயற்சியும் இருக்கிறது. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் 2013இல் 4 எம்இவி புரோட்டானால், கடையில் கிடைக்கும் டேப்பின் மின்னோட்டத்தை, குறைந்த வெப்பநிலையில் உயர் புலத்தில், ஏறக்குறைய இரட்டித்தார்கள். ஆனால் புரோட்டான் கற்றைக்கு நேரம் நிறையப் பிடிக்கும், தொழிற்சாலைக்கு ஒத்துவராது. 2015இல் அதே பலனை 3.5 எம்இவி ஆக்சிஜன் அயனியால் ஒரு நொடி அளவில் எடுத்தார்கள். கனமான அயனி, ஒவ்வொன்றும் அதிகச் சேதம் செய்யும், எண்ணிக்கை குறைவாகப் போதும். டேப்பைச் சுருளிலிருந்து சுருளுக்கு ஓடவிட்டே கற்றையைக் காட்டலாம். கன அயனித் தூண்களைவிட இந்த ஒழுங்கற்ற சிறு கொத்துகள்தான் காந்தச் சுருளுக்கு ஏற்றவை என்பது என் கணிப்பு. சுருளில் புலம் டேப்பின் மீது எல்லாக் கோணத்திலும் விழும். ஒரே திசைத் தூணால் எல்லாக் கோணத்தையும் சமாளிக்க முடியாது.

மேலே சொன்ன நியூட்ரான் அளவீடுகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மாதிரிகள் உலையில் அறை வெப்பநிலைக்கு மேலான சூட்டில் கதிர்வீச்சு வாங்கியவை. அந்தச் சூட்டிலேயே இடம் மாறிய அணுக்களில் ஒரு பகுதி பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். ஃப்யூஷன் காந்தமோ 20 கெல்வினில் குளிர்ந்திருக்கும்போதே அடி வாங்கும். அதனால் குளிர்ந்த நிலையிலேயே அயனியைப் பாய்ச்சி, சூடேற்றாமலே மின்னோட்டத்தை அளக்கும் சோதனைகளும் இப்போது நடக்கின்றன. பாதிக்கப்பட்ட டேப்பைச் சூடாக்கினால் இழந்த மாறுநிலை வெப்பநிலையில் ஒரு பங்கு திரும்புகிறது. மோதல் அடுக்குகள் மட்டும் அசையாமல் நிற்கும். பிடிமானம் தருவது நிலைக்கிறது, இணையை உடைப்பது ஆறுகிறது என்றால் நமக்கு லாபம்தான். ஆனால் கட்டி முடித்த சுருளுக்குள் சாலிடர் உருகாமலும், டேப்பிலிருந்து ஆக்சிஜன் வெளியேறாமலும், காப்புப் பொருள் கருகாமலும் எவ்வளவு சூடாக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. டேப் வாங்கும் இடத்தில் இருப்பவர்கள் 77 கெல்வினில் புலமில்லாமல் அளந்த சான்றிதழை ஓரமாக வைத்துவிட்டு, தங்கள் காந்தம் ஓடப்போகும் வெப்பநிலையிலும் புலத்திலும், கதிர்வீச்சுக்கு முன்னும் பின்னும் அளந்த வரைபடத்தைக் கேட்டு வாங்கட்டும்.